பீட்ரூட் பர்பியும் மஞ்சள் கடிதமும்

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், மகனுக்கு நாலு வயது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போன பிப்ரவரியில் வீடியோ காலில் பேசும்போது அங்கே ஒரு கடை வாசலைக் காட்டினார். கூரை முழுக்கச் சிவப்பு இதயங்களாகத் தொங்கின. அன்று பிடித்த பிடி, "அம்மா, நாமளும் செய்யலாம்மா, அப்பாவுக்கு அனுப்பலாம், கிளாஸ்ல எல்லாருக்கும் குடுக்கலாம்" என்று மகள் விடவே இல்லை. மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "பால் மணம் மாறாத புள்ளைக்குக் காதலர் தினமா? ஊரு சிரிக்கும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. யூடியூபில் தேடினால் ஓவன், இதய அச்சு, மார்ஷ்மெல்லோ என்று என்னென்னவோ கேட்கிறார்கள். எங்கள் கடைத்தெருவில் அதெல்லாம் கிடைக்காது. திருச்சிக்குப் போய் வாங்கிவர நேரமும் இல்லை, மனசும் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளோடு இந்த நாளைக் கொண்டாடலாமா? கொண்டாடலாம் என்றால், வீட்டில் இருப்பதை வைத்து அவர்களோடு உட்கார்ந்து செய்கிற மாதிரி இனிப்பும் கைவேலையும் சொல்லித் தருவீர்களா?
— ஒரு வாசகி, இலுப்பூர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தாராளமாகக் கொண்டாடலாம். முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அவர் சமாதானமாகாமல் அடுப்படியில் எதுவும் நடக்காது.

நம் ஊரில் பிப்ரவரி 14 என்றாலே 1999இல் வந்த கதிரின் 'காதலர் தினம்' படம், அன்றைக்கு மட்டும் எகிறும் ரோஜாப்பூ விலை, எதிர்ப்புத் தெரிவிக்க நாய்களுக்கு மாலை மாற்றிக் கல்யாணம் செய்துவைப்பவர்கள், இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். பெரியவர் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். எல்லா நாட்டிலும் அப்படியில்லை. பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் அந்த நாளை நண்பர்கள் தினம் என்றே வைத்திருக்கிறார்கள். அங்கே தோழி தோழிக்கு அட்டை எழுதுவாள், பேரன் தாத்தாவுக்கு எழுதுவான். அமெரிக்காவின் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வகுப்புக்கு அட்டை கொண்டுவந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டுவர வேண்டும், வேண்டியவர் நாலு பேருக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகள் "கிளாஸ்ல எல்லாருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள் பாருங்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே சரியான இடத்துக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் 'அன்பு அட்டை செய்யும் நாள்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். முதல் அட்டை பிள்ளைகளின் அப்பாயிக்கு, அதாவது உங்கள் மாமியாருக்குப் போகட்டும். அதை எப்படிக் கொடுப்பது என்பதைக் கீழே சொல்கிறேன், அதில் ஒரு வித்தை இருக்கிறது. வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெளித் தின்பண்டம் கூடாது என்று சில பள்ளிகளில் விதி உண்டு. அப்படியானால் அட்டை மட்டும் போகட்டும்.

இனிப்புக்கு வருவோம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை இலுப்பூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓவன் இல்லை, அச்சு இல்லை என்று நீங்கள் போட்ட பட்டியலைப் படித்தபோது, இவை இல்லாததே நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஓவனில் வைக்கும் கேக்கில் பிள்ளைக்கு வேலையே கிடையாது. மாவைக் கலக்கியதும் அவர்கள் கதை முடிந்தது, மீதி நேரம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். நம் பலகாரங்களில் உருட்ட, அழுத்த, வெட்ட, அடுக்க என்று கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

அதற்கு முன் நிறத்தைப் பற்றி ஒன்று. இந்த நாளுக்கென்று செய்யும் இனிப்பு என்றால் பிள்ளைகள் ரோஸ் நிறம் கேட்பார்கள். கடையில் ரோஸ் கலர்ப் பொடி கேட்டு வாங்கிவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டு இதே பிப்ரவரி மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. புதுச்சேரி அதற்குச் சில நாள் முன்பே தடை விதித்திருந்தது. சென்னையில் எடுத்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது தெரியவந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது, உணவில் எந்த அளவிலும் அனுமதி இல்லை. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களுக்கும் வரம்பு உண்டு. ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சமையலறையில் நாம் கரண்டி நுனியில் அள்ளித் தட்டும்போது அந்தக் கணக்கை யாரால் பார்க்க முடியும்? பீட்ரூட் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

தேங்காய் பர்பி செய்யுங்கள். தேங்காய்த் துருவல் இரண்டு கப் வேண்டும். ஓட்டை ஒட்டிய பழுப்புப் பகுதி வராமல் வெள்ளையாகத் துருவினால்தான் நிறம் சுத்தமாக ஏறும். சர்க்கரை ஒன்றரை கப், தண்ணீர் அரை கப், நெய் ஒரு கரண்டி, ஏலக்காய் மூன்று. நடுத்தரமான பீட்ரூட் ஒன்றைத் துருவி, துணியில் போட்டுப் பிழிந்தால் கெட்டியான சாறு வரும், அதில் மூன்று மேசைக்கரண்டி போதும். பிழிகிற வேலையை மகளிடம் கொடுங்கள். கை இரண்டும் சிவந்து, அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிவாள். சக்கையைத் தூர எறியாதீர்கள், மறுநாள் பொரியலுக்கு ஆகும்.

பலர் சாற்றை முதலிலேயே பாகில் ஊற்றிக் கொதிக்க விடுகிறார்கள். பீட்ரூட்டின் சிவப்பு நெடுநேரச் சூட்டைத் தாங்காது, மங்கிச் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். ஆகவே சர்க்கரையையும் தண்ணீரையும் மட்டும் கொதிக்க வைத்து ஒரு கம்பிப் பதம் வந்ததும் தேங்காயைக் கொட்டிக் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் ஈரம் சுண்டும். சாற்றை அப்போது ஊற்றுங்கள். இரண்டு மூன்று சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டால் ரோஸ் நிறம் பளிச்சென்று நிற்கும். தொடர்ந்து கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் வெள்ளையாக நுரை பூத்து, கலவை சட்டியை விட்டுத் திரண்டு வரும். இதுதான் இறக்கும் நேரம், அரை நிமிடம் ஏமாந்தாலும் பொடிந்துபோகும். ஏலப்பொடி தூவி, நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்துங்கள். பொடிந்துவிட்டால் கவலை வேண்டாம், இரண்டு கரண்டி பால் தெளித்துத் திரும்பச் சட்டியில் சூடாக்கினால் சேர்ந்துகொள்ளும். இறுகாமல் பிசுபிசுத்தால் மறுபடி அடுப்பில் வைத்து இன்னும் கொஞ்சம் கிளறுங்கள்.

இந்தக் கட்டம் முழுக்க உங்களுடையது. பிள்ளைகள் அடுப்பிலிருந்து இரண்டு எட்டாவது தள்ளி உட்காரட்டும். கொதிக்கும் பாகு தெறித்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும், வெந்நீர் மாதிரி வழிந்து போகாது. விரலில் தொட்டுப் பதம் பார்ப்பதை அவர்கள் கண்டு, தாங்களும் தொடப் பார்ப்பார்கள். அதனால் நீங்களே கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறிய பிறகு தொட்டுப் பாருங்கள்.

இதய வடிவத்துக்கு அச்சு தேவையே இல்லை, கணக்கு வாத்தியார் சமாச்சாரம்தான் வேண்டும். பர்பி வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒரு சதுரம் வெட்டுங்கள். அந்தச் சதுரத்தின் பக்க அளவே விட்டமாக உள்ள டப்பா மூடியால் ஒரு வட்டமும் எடுங்கள். சதுரத்தின் ஒரு முனை கீழே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, வட்டத்தைச் சரிபாதியாக வெட்டி, மேலே உள்ள இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு பாதியை ஒட்டினால் அச்சில் வார்த்தது போன்ற இதயம் வந்துவிடும். சூடு ஆறுவதற்குள் ஒட்டினால் இணைப்புகூடத் தெரியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் செய்து காட்டாமல், சதுரத்தையும் இரண்டு அரைவட்டத்தையும் கையில் கொடுத்து "இதில் எப்படி இதயம் வரும்?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு அவளே கண்டுபிடித்துவிடுவாள். வெட்டி மிஞ்சிய ஓரத் துண்டுகள் செய்தவர்களுக்குச் சொந்தம். இந்தச் சட்டத்தை முதலிலேயே அறிவித்துவிட்டால் நடுவில் சண்டை வராது.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். பீட்ரூட் அதிகம் சாப்பிட்ட மறுநாள் சில பிள்ளைகளுக்குச் சிறுநீர் ரோஸாகப் போகும். சாயம் அப்படியே வெளியேறுகிறது, அவ்வளவுதான். தெரியாத அம்மாக்கள் பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதைகள் உண்டு.

மகனுக்கு நாலு வயது என்கிறீர்கள். அவனுக்கு அடுப்பில்லாத பலகாரம் வேண்டும். மாலாடு இருக்கவே இருக்கிறது. ஒரு கப் பொட்டுக்கடலை மாவு, முக்கால் கப் பொடித்த சர்க்கரை, கால் கப்புக்குச் சற்று மேலாக உருக்கிய நெய். நெய்யை மட்டும் நீங்கள் உருக்கி, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றிக் கொடுங்கள். பிசைவதும் பிடிப்பதும் அவன் பாடு. உருண்டையாக வராது, கொழுக்கட்டை மாதிரியும் சோழி மாதிரியும் வரும். வரட்டும். கட்டை விரலால் மேலே ஒரு பள்ளம் அழுத்தி, கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூம்பாக்கினால் அதுவே இதயம்தான், அவன் அப்படித்தான் சொல்லுவான், நாமும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

கடலை மிட்டாயும் செய்யலாம், மகள் வறுத்த கடலையின் தோலை ஊதி ஊதிப் புடைத்துத் தருவாள். ஆனால் முழு நிலக்கடலை ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. மகனுக்குக் கடலையை நன்றாகப் பொடித்து வெல்லத்தோடு உருண்டை பிடித்துக் கொடுங்கள். திராட்சைக்கும் இதே எச்சரிக்கைதான், முழுசாகக் கொடுக்கக் கூடாது. நீளவாக்கில் உள்ள பச்சைத் திராட்சையைச் சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, ஒரு பாதியைத் திருப்பி மற்றதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குட்டி இதயம். வகுப்புக்குக் கொடுத்தனுப்பும் இனிப்பில் கடலை சேர்க்காமல் இருப்பது நல்லது. எந்தப் பிள்ளைக்கு ஒவ்வாமை என்று நமக்குத் தெரியாது.

சாக்லேட் கேட்பார்கள். கடைகளில் 'காம்பவுண்ட்' என்று கட்டியாக விற்பதை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி ஐஸ் டிரேயில் ஊற்றினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் அதன் குறையும். உருக்கி ஊற்றியதில் பிள்ளை செய்தது என்ன? போதாததற்கு, நம் பக்கத்து மாசி வெயிலில் பள்ளிக்கூடப் பைக்குள் அது மத்தியானம் வரை தாங்காது. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குடிக்க ஏதாவது வேண்டுமென்றால் செம்பருத்தி. ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி ஐந்தாறின் இதழ்களைக் கொதித்த நீரில் போட்டு மூடி வைத்தால் தண்ணீர் ஒரு மங்கிய ஊதா நிறத்துக்கு வரும். வடிகட்டிச் சர்க்கரை கலந்து, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எலுமிச்சையைப் பிழியுங்கள். நொடியில் சிவந்துவிடும். மருந்தடித்த செடியின் பூவை மட்டும் எடுக்க வேண்டாம்.

இனி கைவேலை.

இதயம் வரைய அச்சுத்தாள் தேடி அலையாதீர்கள், பூவரசு மரம் ஒன்று தெருவில் இல்லாமலா போகும்? பீப்பீ ஊதுவதற்குப் பிள்ளைகள் பறிக்கிற அதே இலைதான். இலையைத் தாளின் மேல் வைத்து மகன் பிடித்துக்கொள்ளட்டும். பழைய ஸ்பாஞ்சுத் துண்டை வண்ணத்தில் தொட்டு இலையைச் சுற்றி மகள் ஒற்றி எடுக்கட்டும். இலையை எடுத்தால் நடுவில் வெள்ளை இதயம் நிற்கும். அடுத்து அதே இலையின் அடிப்பக்கத்தில், நரம்பு எழும்பித் தெரிகிற பக்கத்தில், வண்ணம் பூசி வேறொரு தாளில் அழுத்தினால் நரம்போடு கூடிய இதயம் கிடைக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே இலையில் வேலை ஆயிற்று. அரசிலையில் இன்னும் அழகான வேலை ஒன்று உண்டு. மூன்று நாலு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அவ்வப்போது தண்ணீர் மாற்றி, பச்சை அழுகியதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் வலை போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அதன் மேல் பெயர் எழுதலாம். நாற்றம் தாங்காது என்பதால் வாளியைக் கொல்லைப்புறத்தில் வையுங்கள். இதைச் செய்வதென்றால் பொங்கல் கழிந்த கையோடு ஆரம்பிக்க வேண்டும்.

தாளை மடித்து இதயம் வெட்டச் சொல்லிக் கொடுக்கும்போது எல்லா வீட்டிலும் ஒரே விபத்துதான் நடக்கும். பிள்ளை மடிப்பு இருக்கும் பக்கத்தை வெட்டிவிடும், பிரித்தால் இரண்டு பாதியாகக் கையில் வரும், அழுகை. மடித்த பக்கத்தில் முன்கூட்டியே பென்சிலால் ஒரு சிறு மயிலை வரைந்து, "மயிலை வெட்டக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். விராலிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் மயிலை வெட்ட மாட்டார்கள். அட்டையின் மேல் ரோஜாதான் வரைய வேண்டும் என்றும் யாரும் சட்டம் போடவில்லை. தினம் பார்க்கிற மயிலை வரைந்தால் அட்டை உங்கள் ஊருடையதாக இருக்கும்.

இப்போது அந்த வித்தை. மஞ்சளில் இருக்கும் கர்க்குமின் என்ற பொருள் புளிப்பில் மஞ்சளாகவே இருக்கும், காரத்தில் சிவந்துவிடும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் சிவக்கிறதே, அதுதான். என்.சி.இ.ஆர்.டி.யின் முந்தைய ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், அம்மாவின் பிறந்தநாளுக்கு இந்த முறையில் ஒரு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லியிருந்தார்கள். பாடப் புத்தகங்களில் நான் பார்த்த நல்ல யோசனைகளில் அது ஒன்று. ஒரு கரண்டி மஞ்சள்தூளை நாலு கரண்டி தண்ணீரில் குழைத்து, பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில் பஞ்சால் பூசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுக்கும். தேய்ந்துபோன துணி சோப்புத் துண்டைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் தொட்டு அந்தத் தாளில் வரையச் சொல்லுங்கள். நிறமே இல்லாத சோப்புத் தண்ணீர் தாளில் பட்ட இடமெல்லாம் குங்குமக் கோடாக எழும். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு அதன் மேல் தடவினால் கோடு அழிந்து பழையபடி மஞ்சளாகும். மகன் வரைவான், அழிப்பான், திரும்ப வரைவான், அவனுக்கு ஒரு மணி நேரம் இதிலேயே போகும்.

இதையே தலைகீழாகச் செய்தால் ரகசியக் கடிதம். வெறும் வெள்ளைத் தாளில் சோப்புக் கரைசலால் எழுதிக் காயவிட்டால் எழுத்துத் தெரியாது. மகள் அப்பாயிக்கு எழுதட்டும். 14ஆம் தேதி காலையில் வெற்றுத் தாளை அவர் கையில் கொடுத்து, ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீரும் பஞ்சும் வைத்து, "தடவிப் பாருங்க அப்பாயி" என்று சொல்லட்டும். பஞ்சு ஓடுகிற இடமெல்லாம் எழுத்து ஒவ்வொன்றாகச் சிவந்து வரும். பேத்தி எழுதியது 'அன்புல்ல அப்பாயி' என்றுதான் இருக்கும். கைவைத்துத் திருத்திவிடாதீர்கள். லகர ளகரம் பள்ளிக்கூடத்தில் திருந்திக்கொள்ளும்.

உங்கள் கணவருக்கும் இந்த வெற்றுத் தாளையே உறையில் போட்டு அனுப்பலாம். சிங்கப்பூர் முஸ்தபா கடையில் மஞ்சள்தூள் கிடைக்காமலா போய்விடும்! வீடியோ காலில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவர் தடவட்டும். தபால் போய்ச் சேர நாள் பிடிக்கும், ஜனவரி கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள். எழுத்தும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். சோப்புக்குப் பதில் வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டால் சிவப்பு இன்னும் ஆழமாக வரும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும், பிள்ளைகள் கையில் அது வேண்டாம். எந்த முறையில் செய்தாலும் நிறம் நாளாக ஆக வெளுக்கும், பத்திரப்படுத்த வேண்டுமென்றால் அன்றைக்கே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதப் பூவுக்கு உங்கள் மாவட்டத்தை மிஞ்ச ஆள் கிடையாது. கிழக்கே கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பதடிக்கு மேல் உயரமான குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று பக்தர்கள் நேர்த்திக்கடனாகக் கொண்டுவரும் காகிதப்பூ மாலைகள் ஆயிரக்கணக்கில் ஏறி, குதிரையின் உடம்பே தெரியாமல் மூடிவிடும். பார்த்திராவிட்டால் பிள்ளைகளை ஒரு தரம் அழைத்துப்போய்க் காட்டுங்கள். வண்ணத்தாளில் இவ்வளவு செய்ய முடியுமா என்று அசந்துபோவார்கள். வீட்டில் செய்ய, மெல்லிய வண்ணத்தாள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு நுனியையும் வளைவாக வெட்டிவிட்டு, தாள் தாளாகப் பிரித்து மேலே தூக்குங்கள். பூ மலர்ந்துவிடும். பிரிக்கும்போது தாள் கிழியும், கிழிந்த இடம் பூவில் தெரியாது. அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு இது ஏற்ற வேலை. இரண்டு பூவுக்கு நடுவே ஒரு தாள் இதயம் என்று நூலில் கோத்தால் வாசல் நிலைக்குத் தோரணம்.

ஒட்டுவதற்குச் சோற்றுப்பசை போதும். மைதாப் பசை காய்ச்சினால், பூச்சி அரிக்காமலிருக்க சுவரொட்டிக்காரர்களும் புத்தகம் கட்டுபவர்களும் துத்தம் சேர்ப்பதைப் பார்த்து நீங்களும் சேர்த்துவிடாதீர்கள். அது விஷம், பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும். ஜிகினாத் தூளும் வேண்டாம். கண்ணில் விழும், இனிப்பில் விழும், ஒரு மாதம் வீட்டைக் கூட்டினாலும் போகாது.

பர்பியைப் பொட்டலம் கட்டச் செய்தித்தாளை எடுக்காதீர்கள், அச்சு மை இனிப்பில் இறங்கும். வாட்டிய வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கும். காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சின்ன ஓலைக்கொட்டான் இரண்டு வாங்கிவரச் சொல்லுங்கள், வகுப்பு ஆசிரியைக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதில் வைத்துக் கொடுக்கலாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முயலாதீர்கள். பிள்ளைகள் களைத்துச் சிணுங்க, நீங்கள் அதட்ட, அட்டையை நீங்களே முடித்துக் கொடுக்கும்படி ஆகிவிடும். என்னைக் கேட்டால் இந்த வருஷத்துக்கு ரகசியக் கடிதமும் பர்பியும் மட்டும் போதும். கடிதத்தை முந்தின வாரமே எழுதிவிடுங்கள், பர்பியை 13ஆம் தேதி சாயங்காலம் கிளறுங்கள். காகிதப் பூவை மாசி மகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அரசிலையை அடுத்த வருஷம் பார்க்கலாம்.